காதால் தேர்ந்தெடுத்த கணினி: 11 ஆண்டு அனுபவம்

பிறவியிலேயே பார்வையற்ற நான், பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. 11 ஆண்டுகளில் மூன்று மடிக்கணினிகள் மாறிவிட்டன. முதல் நாள் முதல் இன்றுவரை மாறாமல் இருப்பது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் மட்டுமே. பார்வையற்ற பிள்ளைக்குக் கணினி வாங்கப்போகும் பெற்றோர் பலர் என்னிடம் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் கணினி நல்லது என்பதைத்தான். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் கணினியை வீட்டார் வாங்கித் தந்தார்கள். திரை பளிச்சென்று இருக்கிறது, எடை குறைவு என்று பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். எனக்குப் பயன்படாத திரைக்கே பணத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது என்பது விசைப்பலகையில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. மேல், கீழ் அம்புக்குறிகள் இரண்டும் ஒரே விசையின் இடத்தில் பாதிப்பாதியாக நெருக்கப்பட்டிருந்தன. மவுஸைத் தொடாமல், கீழ் அம்பை அழுத்தி வரிவரியாகவும் வலது அம்பை அழுத்தி எழுத்தெழுத்தாகவும் கேட்டே நாள் முழுவதும் வேலை செய்பவனுக்கு இது சிறிய குறை அன்று. போதாக்குறைக்கு, கணினியை அணைக்கும் பொத்தான் டெலிட் விசைக்கு ஒட்டியே இருந்தது. ஓர் எழுத்தை அழிக்கப்போய்க் கணினியையே உறங்க வைத்த நாள்கள் பல. இன்செர்ட் விசை தனியாக இல்லாதது மட்டும் என்னைப் பாதிக்கவில்லை, ஏனெனில் என்விடிஏ கட்டளைகளுக்கு அதற்குப் பதிலாகக் கேப்ஸ்லாக்கை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கணினியை நானே பெங்களூரின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்கினேன். சட்டைப்பையில் ஒரு பென் டிரைவ், அதில் என்விடிஏயின் கையடக்கப் பதிப்பு. கணினியில் நிறுவத் தேவையில்லை. செருகி இயக்கினால் போதும், பேசத் தொடங்கிவிடும். கடையில் இருந்த தமிழ்ப் பையன், "அண்ணா, கூட யாரும் வரலையா? எப்படிப் பார்த்து வாங்குவீங்க?" என்று கேட்டான். "இதைச் செருகிக் கொடு தம்பி, அதுவே சொல்லும்" என்றேன்.

நான்கு கணினிகளைச் சோதித்தேன். அவற்றில் ஒன்று, சில நொடிகள் அமைதியாக இருந்துவிட்டு மீண்டும் பேசும்போது முதல் ஓசையை விழுங்கியது. "ஆவணங்கள்" என்பது "வணங்கள்" என்று கேட்டது. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒலிச் சாதனம் அடிக்கடி உறங்கிவிடுவதே காரணம். என்விடிஏ 2024.2 பதிப்பில், பேசி முடித்த பிறகும் ஒலிச் சாதனத்தை விழித்திருக்க வைக்கும் அமைப்பு சேர்க்கப்பட்டுவிட்டது. அந்த வசதி அன்று இல்லாததால் அந்தக் கணினியைத் திருப்பிக் கொடுத்தேன். விசையை அழுத்துவதற்கும் குரல் வருவதற்கும் இடையிலான தாமதத்தையும் கடையிலேயே கேட்டுப் பார்த்துவிட வேண்டும். விரைவாக இயங்கும் சேமிப்பகமான எஸ்எஸ்டியும் 8 ஜிபி நினைவகமும் உள்ள சாதாரணக் கணினி எனக்குத் தாராளமாகப் போதுமானதாக இருக்கிறது. எஃப், ஜே விசைகளின் மேலுள்ள சிறு மேடு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படுகிறதா என்பதையும் தடவிப் பாருங்கள்.

என்விடிஏயை 2006இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன். அவரும் பார்வையற்றவர். விலை கொடுத்து வாங்கும் திரைவாசிப்பான்கள் எட்டாத உயரத்தில் இருந்தபோது, மூல நிரலோடு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த இந்த மென்பொருளால்தான் என்னால் வேலைக்கு விண்ணப்பிக்கவே முடிந்தது. இதில் ஈஸ்பீக் என்ஜி என்னும் கட்டற்ற, அதாவது எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய, குரல் தமிழையும் வாசிக்கிறது. இயந்திரத்தனமான குரல்தான், வீட்டுக்கு வரும் உறவினர்களுக்கு ஒரு சொல்லும் புரிவதில்லை. ஆனால் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் சொற்கள் குழம்புவதில்லை என்பதால் அலுவலக வேலைக்கு அதையே வைத்திருக்கிறேன். கதைகளுக்கு விண்டோஸில் கிடைக்கும் வள்ளுவர் என்ற குரல் இதமானது.

விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளமான லினக்ஸிலும் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை நிறுவும்போது தொடக்கப் பட்டியல் தயாரானதும் ஒரு பீப் ஒலி எழும். எஸ் விசையையும் என்டரையும் அழுத்தினால் நிறுவும் வேலை முழுவதும் பேச்சு வழியே நடக்கும். பிறர் துணையின்றி ஓர் இயங்குதளத்தை முதன்முதலாக நானே நிறுவிய அந்த இரவு எனக்கு உறக்கமே வரவில்லை. ஓர்கா என்னும் திரைவாசிப்பான் அங்கே நன்றாகவே உழைக்கிறது. ஆயினும் ஒருநாள் புதுப்பித்தலுக்குப் பிறகு ஒலி முற்றிலும் நின்றுபோனது. பார்வையுள்ளவருக்கு ஒலி போனால் பாட்டுத்தான் கேட்காது. எனக்குத் திரையே போன மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா பிழைச் செய்திகளை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் காட்ட, சரிசெய்ய ஒரு மாலை முழுவதும் ஆனது. அன்றிலிருந்து, கணினியின் ஒலி நின்றால் செருகிக் கேட்பதற்காகச் சிறிய யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று எப்போதும் என் பையில் இருக்கிறது. விலை மிகக் குறைவு. லினக்ஸ் பயன்படுத்தும் பார்வையற்றவர் எவரும் அது இல்லாமல் இருக்க வேண்டாம்.

கணினியும் மென்பொருளும் சரியாக அமைந்த பிறகும் தமிழ் வாசிப்பவருக்கு ஒரு தடை எஞ்சியிருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்றும் வருகின்றன. கண்ணுக்கு அது தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்ற சொல்லின் மேல் எழுத்தெழுத்தாக நகர்ந்தால், ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று கேட்கும். தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே பதியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. அனுப்புபவர் ஒருமுறை மாற்றிவிட்டால், பெறும் பார்வையற்றவர் ஒவ்வொருவரின் உழைப்பும் மிச்சமாகும். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

அச்சு நூல்களுக்கு டெசராக்ட் என்னும் கட்டற்ற எழுத்துணரியைப் பயன்படுத்துகிறேன். நண்பர் பக்கங்களைப் படமெடுத்துத் தர, அது உரையாக்கித் தருகிறது. புதிய அச்சு என்றால் பெரும்பாலும் தெளிவாக வாசிக்கிறது. பழைய அச்சில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் தடுமாறி, "பாடம்" என்பதைப் "பரடம்" என்று கொடுத்துவிடும். இப்படிப்பட்ட சொற்களைச் சேர்த்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். தேடி மாற்றும் வசதியால் ஒவ்வொன்றாகத் திருத்திய பிறகே வள்ளுவர் குரலில் வாசிக்க விடுகிறேன். நேற்றுவரை அதில் 140 சொற்கள் சேர்ந்திருக்கின்றன.