பழைய 800-ஐ வீட்டிலேயே பிரித்து மாட்டியதில் எது உயிரை எடுத்தது?

2003 மாடல் மாருதி 800, 2013-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பதினைந்து வருடம் முடிந்து எஃப்.சி. இரண்டு முறை எடுத்தாயிற்று. வீடு சேலம் கன்னங்குறிச்சி, அக்காவைக் கொடுத்திருப்பது ஏற்காடு நாகலூரில், அதனால் மாதம் இரண்டு தடவையாவது 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கும் வண்டி இது. டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டியில் வெளியே தெரியாத வியாதியெல்லாம் இதில் சீக்கிரமே தெரிந்துவிடும். ஆயில், பிளக் மாற்றியதை நான் வேலையாகவே சேர்க்கவில்லை.

எல்லோரும் பயமுறுத்துவது கிளட்ச்சை. மேல் வளைவுகளில் மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, கூடவே கருகல் வாடை. கிளட்ச் பிளேட் என்னவோ ஒரு சின்னத் தட்டு அகலம், அவ்வளவுதான். ஆனால் அதைத் தொட பேட்டரி, ஸ்டார்ட்டர், இரண்டு டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் கழற்றி, இன்ஜினுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸை இறக்க வேண்டும். நானும் மச்சானும் இறக்கிவிட்டோம். ஏற்றத்தான் முடியவில்லை. மதியச் சோறு ஆறிப்போய், பொழுது சாய்கிற வரைக்கும் தள்ளியும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பிளேட்டின் நடுத்துளைக்குள் நுழையவே இல்லை. காரணம், கட்டையில் டேப்பைச் சுற்றி அதை டம்மி ஷாஃப்ட்டாக வைத்து பிளேட்டை நான் சென்டர் பண்ணிய லட்சணம். மறுநாள் காயலான் கடையில் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றை வாங்கி வந்து, கிளட்ச் பிளேட்டை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, அந்த ஷாஃப்ட்டை வைத்துச் சென்டர் பண்ணி மறுபடி முறுக்கியதும் ஒரே தள்ளில் போய் உட்கார்ந்தது. என்னைக் கேட்டால் கிளட்ச் முதுகுக்குத்தான் வேலை, மூளைக்கு அவ்வளவு இல்லை. ஸ்டாண்டு வைக்காமல் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து பக்கத்திலேயே போகாதீர்கள்.

அடுத்தது ஹீட்டர். முன்சீட்டுக்குக் கீழே மிதியடி ஈரம், தொட்டால் பிசுபிசுப்பு, இனிப்பு வாடை: உள்ளே கூலன்ட் ஒழுகுகிறது. "ஏனுங்க, நம்மூரு வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு மெக்கானிக் ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று மாட்டிவிட்டார். சேலத்துக்கு அது சரிதான். ஐப்பசியில் இருட்டிய பிறகு மேலே மூடுபனியில் போனபோது கண்ணாடி உள்பக்கம் படிந்து படிந்து வர, வீட்டம்மா துண்டால் துடைத்துக்கொண்டே வந்தாள், நான் பாதை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தே ஓட்டினேன். வந்த வாரமே ஹீட்டரைச் சரிசெய்ய டேஷ்போர்டைப் பிரித்தேன்.

நான்கு நாள் ஆயிற்று. ஸ்க்ரூ கலந்துவிடாமல் இருக்க இட்லித் தட்டை எடுத்து, குழிக்கு ஒரு இடத்து ஸ்க்ரூவாகப் போட்டேன் (தட்டு திரும்ப சமையலறைக்குள் அனுமதிக்கப்படவில்லை). இருபது வருடப் பிளாஸ்டிக் கிளிப் அப்பளம் மாதிரி நொறுங்கும். முதல் இரண்டை உடைத்த பிறகுதான் வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திச் சூடாக்கிவிட்டுக் கழற்றலாம் என்று தோன்றியது. எல்லாம் மாட்டி முடித்தால் குளிர்ந்த காற்றுதான் வந்தது! உள்ளே ஏர் நின்றிருக்கிறது. இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐடிலில் ஓடவிட்டு, குமிழி நின்றதும் கூலன்ட்டை நிரப்பினேன். சரியாகிவிட்டது.

ஆனால் என்னைத் தோற்கடித்தது சுண்டுவிரல் அளவு கூட இல்லாத ஒரு நிப்பிள், பிரேக்கின் பழைய ஆயிலையும் ஏரையும் வெளியே விடத் திறப்பது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்க குறைந்தது 205 டிகிரி வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக் சூட்டில் ஆயில் கொதித்து பெடல் மெத்தென்று உள்ளே போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் இரண்டாவது கியரில்தான் இறங்குவேன், இருந்தாலும் ஆயில் மாற்றலாம் என்று பின் வீலில் ஸ்பேனரைப் போட்டேன். துரு. டொக்கென்று நிப்பிள் உடைந்தது. சரி, நிப்பிள் இருக்கும் வீல் சிலிண்டரையே மாற்றலாம் என்றால் பைப் நட்டின் முனை மழுங்கி, நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொண்டது. அரை மணி நேர வேலைக்கு உட்கார்ந்தவன் மூன்றாம் நாள் மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிட்டேன்.

இப்போதெல்லாம் முதல் நாள் இரவே நிப்பிளில் துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊறவிட்டு, காலையில் ரிங் ஸ்பேனரில் இறுக்குகிற பக்கம் ஒரு இம்மி அசைத்துவிட்டுத்தான் திறக்கிறேன். பிரேக் பைப்பிலிருந்து ஏர் எடுக்கும்போது வீட்டம்மா பெடலில், நான் வீலடியில், "அமுத்து... புடி... விடு". நடுவில் குக்கர் விசில் அடித்தால் மறுபடி முதலிலிருந்து.