எக்ஸிம் நெடுநாள் பயன்பாட்டில்: ரீட்ரை கணக்கும் சோதனை விருப்பங்களும்

எக்ஸிம் மெயில் சர்வரைப் பல ஆண்டுகள் ஓட்டும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்று உண்டு: “இப்போதுதான் அனுப்பினேன், ஒரு முறைகூட முயலாமல் பவுன்ஸ் ஆகிவிட்டது.” பவுன்ஸ் என்றால் மெயில் அனுப்பியவருக்கே திரும்பி வருவது. லாகைப் (பதிவுக் கோப்பை) பார்த்தால், நீண்ட காலத் தோல்விக்குப் பின் எந்த ஹோஸ்ட்டுக்கும் ரீட்ரை (மறுமுயற்சி) நேரம் வரவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இது மென்பொருள் பிழை அல்ல. எதிர்முனை சர்வரோடு தொடர்பே கிடைக்காதபோது, எக்ஸிம் மெயிலின் வயதைப் பார்ப்பதில்லை. அந்த சர்வர் முதலில் எப்போது தோற்றது என்று பார்க்கிறது. ஒவ்வொரு மெயிலுக்கும் தனித்தனியே இடைவெளி கணக்கிடும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மற்றொரு மெயில் சர்வரிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

எக்ஸிமோடு இயல்பாகவே வரும் ரீட்ரை விதி இப்படி: முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை; பிறகு 1 மணி நேரத்தில் தொடங்கி ஒவ்வொரு முறையும் 1.5 மடங்காக விரியும் இடைவெளி, 16 மணி நேரம் வரை; அதன்பின் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, 4 நாள் வரை. எதிர்முனை சர்வர் வெள்ளிக்கிழமை விழுந்து அடுத்த வியாழன் வரை எழவில்லை என்றால் 4 நாள் கெடு தாண்டிவிட்டது. அன்று வரும் புது மெயில், அடுத்த 6 மணி நேர முறை வருவதற்குள் வந்தால், தொடர்பு முயற்சியே இல்லாமல் திரும்பிவிடும். எஸ்எம்டிபி டிரான்ஸ்போர்ட்டில் (வெளி சர்வருக்கு மெயில் அனுப்பும் பகுதியில்) ‘டிலே ஆஃப்டர் கட்ஆஃப்’ விருப்பத்தை ஃபால்ஸ் ஆக்கினால், மெயில் வந்த பிறகு தொடாத ஐபிகளை ஒரு முறை முயன்றுவிட்டே திருப்பும். அதற்கு விலை உண்டு: கனெக்ட் டைம்அவுட் இயல்பாக 5 நிமிடம், எனவே செத்த சர்வருக்குக் கூட்டமாக மெயில் போனால் புராசஸ்கள் குவியும். டைம்அவுட்டையும் குறைத்துவிட்டு மாற்றுவதே நல்லது.

க்யூ ரன்னர் (காத்திருக்கும் மெயில்களை மீண்டும் எடுத்து அனுப்பும் புராசஸ்) 30 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடினால் 15 நிமிட விதி காகிதத்தில்தான். குறித்த நேரம் ‘அதற்கு முன் வேண்டாம்’ என்று மட்டுமே சொல்கிறது. முயல்வது ரன்னர் வரும்போது. ரீட்ரை பகுதியையே காலியாக விட்டால் இன்னும் மோசம்: தற்காலிகப் பிழைகள் எல்லாம் நிரந்தரப் பிழைகளாகி, கிரேலிஸ்டிங் செய்யும் (அறியாதவர் மெயிலை முதலில் தற்காலிகமாக மறுக்கும்) சர்வருக்குப் போகும் மெயில் முதல் மறுப்பிலேயே பவுன்ஸ் ஆகும்.

விதியை மாற்றும் முன் எக்ஸிம் கட்டளையில் ‘-பிஆர்டி’ விருப்பத்தைப் போட்டுப் பாருங்கள். டொமைன், எம்எக்ஸ் ஹோஸ்ட் (அந்த டொமைனுக்கு மெயில் வாங்கும் சர்வர்), பிழையின் பெயர் மூன்றையும் கொடுத்தால் எந்த விதி பொருந்துகிறது என்று காட்டும். முதலில் பொருந்துவதே செல்லும். ஆகவே எல்லாவற்றுக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறி விதி கடைசியில்தான் இருக்க வேண்டும். தொடர்புப் பிழை என்றால் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை சோதிக்கப்படுகிறது, முதலில் ஹோஸ்ட் பெயரோடு, பிறகு டொமைனோடு. பெரிய மெயில் சேவைகளின் எம்எக்ஸ் பெயருக்கு ஒரே விதி எழுதி, அங்கே மெயில் வைத்திருக்கும் எல்லா டொமைன்களுக்கும் அதைச் செல்லுபடியாக்கலாம். மிகவும் பயனுள்ள வசதி இது. தற்போதைய நிலையைப் பார்க்க ‘எக்ஸிநெக்ஸ்ட்’ கட்டளையை டொமைன் பெயரோடு கொடுங்கள்: முதல் தோல்வி, கடைசி முயற்சி, அடுத்த நேரம் மூன்றும் வரும்.

‘-பிடி’ விருப்பம், முகவரி எந்த ரவுட்டர் (மெயில் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் எக்ஸிம் அமைப்பு) வழியாகப் போகும் என்று காட்டும். அனுப்புநரைப் பொறுத்து மாறும் ரவுட்டர் இருந்தால் அனுப்புநர் முகவரியைக் கொடுக்கும் ‘-எஃப்’ சேர்க்காவிட்டால் பதில் தவறாக வரும். இது ஏசிஎல்லைத் (வரும் மெயிலை ஏற்பதா மறுப்பதா என்று சொல்லும் நிபந்தனைப் பட்டியலை) தொடாது. அதற்கு ‘-பிஎச்’, ஐபி முகவரியோடு: எச்இஎல்ஓ முதல் ஆர்சிபிடி வரை எஸ்எம்டிபி கட்டளைகளைக் கையால் தட்டலாம், எந்த நிபந்தனையில் மறுத்தது என்று அடுத்த வரியிலேயே தெரியும். கால்அவுட் சோதனையும் (முகவரி உண்டா என்று வேறு சர்வரைக் கேட்டுப் பார்ப்பது) நடக்க வேண்டுமானால் ‘-பிஎச்சி’.

பெரிய எழுத்து ‘-என்’னில் மட்டும் கவனம் வேண்டும். மெயிலை அனுப்புவதுபோல் நடித்து, போய்ச் சேர்ந்ததாகக் குறித்து, எறிந்துவிடும். லாகில் வழக்கமான ‘=>’ குறிக்குப் பதில் ‘*>’ வரும். அதை உண்மையான க்யூவில் ஓட்டினால் மெயில்கள் மீளாது. ‘-க்யூஎஃப்எஃப்’பும் அவசரத்துக்கு மட்டுமே: ரீட்ரை நேரத்தை மதிக்காமல், உறைந்த (எக்ஸிம் முயலாமல் நிறுத்தி வைத்த) மெயில்களையும் சேர்த்துத் தள்ளும், எதிர்முனை வேகக்கட்டுப்பாடு வைத்திருந்தால் மறுப்புதான் கூடும். சர்வர் எழுந்துவிட்டது என்று உறுதியானால், பெரிய எழுத்து ‘-எம்’ போட்டு ஒரே ஒரு மெயிலைத் தள்ளுங்கள். அது போய்ச் சேர்ந்ததும் அந்த ஹோஸ்ட்டின் தோல்விப் பதிவு நீங்கும், மீதி அடுத்த ரன்னரில் தானாகப் போகும்.