கிரீன் கார்டா, குடியுரிமையா: 21 தாண்டிய பிள்ளையை அமெரிக்காவுக்கு அழைக்க

பெற்றோர் அங்கே, பிள்ளை ஈரோட்டிலோ திருப்பூரிலோ. பெற்றோரிடம் கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) இருந்தாலும் அமெரிக்கக் குடியுரிமை இருந்தாலும் மனுப் படிவம் ஒன்றே: ஐ-130.

கல்யாணம்
கிரீன் கார்டு (எஃப்2பி என்ற விசாப் பிரிவு): பிள்ளை மணமாகாதவராகவே இருக்க வேண்டும். இடையில் தாலி ஏறினால் மனு அத்தோடு ரத்து. பின்னால் விவாகரத்தானாலும் உயிர் பெறாது. பலர் தவறுவது இங்கேதான். ரகசியப் பதிவுத் திருமணமும் கணக்குதான்.
குடியுரிமை (எஃப்1, மணமாகாத பிள்ளைக்கான பிரிவு): மணமானால் மனு எஃப்3க்கு, அதாவது மணமான பிள்ளைக்கான பிரிவுக்கு, மாறும். வரிசைத் தேதி (மனுப் போட்ட நாள்) போகாது, காத்திருப்பு மட்டும் நீளும்.

காத்திருப்பு
இரண்டும் பல வருஷம். எஃப்2பி வேகமாக நகர்ந்தால், பெற்றோர் குடியுரிமை பெற்ற பிறகும் அதிலேயே தொடர எழுதிக் கேட்கலாம்.

ஜாதகம் எடுத்துவிட்ட வீடா? பெற்றோர் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும்வரை முகூர்த்தம் குறிக்காதீர்கள். கல்யாணப் பேச்சே இல்லையென்றால், பெற்றோருக்குக் கிரீன் கார்டு வந்த உடனே மனுப் போட்டு வரிசையில் இடம் பிடியுங்கள்.