பனிக்கு மை இல்லை: வடதேசத்து இயற்கையை மரச்செதுக்கில் பிடித்த நான்கு வழிகள்

மரச்செதுக்கு அச்சில் வெள்ளை நிறத்தைப் பெரும்பாலும் யாரும் அச்சிடுவதில்லை. எங்கே வெள்ளை வேண்டுமோ, பலகையில் அந்த இடத்தை உளியால் தோண்டி எடுத்துவிடுவார்கள். மேடாக நிற்பது மட்டும் மை வாங்கும். பள்ளத்தில் காகிதம் காகிதமாகவே மிஞ்சும். பனி மூடிய காட்டைச் செதுக்குகிறவர், அப்படிப் பார்த்தால், முதலில் பனியைத்தான் செதுக்கி எறிகிறார். குளிர்நாட்டு இயற்கையை அச்சில் கொண்டுவந்தவர்களின் வேலைகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த வெற்றுக் காகிதத்துக்குத்தான் போகிறது. அதை வைத்தே இந்த ஒப்பீடு.

முதலில் வால்டர் ஜே. பிலிப்ஸ் (1884–1963). இங்கிலாந்தில் பிறந்து, 1913இல் கனடாவின் வின்னிபெக் நகரில் குடியேறியவர். அடிப்படையில் நீர்வண்ண ஓவியர். அதனால்தான் மரச்செதுக்குக்கு வந்தபோதும் ஐரோப்பிய எண்ணெய் மையை விட்டுவிட்டு, தண்ணீரில் கரையும் வண்ணங்களைப் பயன்படுத்தும் ஜப்பானிய முறையைப் பிடித்துக்கொண்டார். முதலில் பெரும்பாலும் தானே முட்டி மோதிக் கற்றார். 1924இல் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போயிருந்தபோது உருஷிபாரா என்ற ஜப்பானியக் கலைஞரின் பழக்கம் கிடைத்து, நுட்பங்கள் கைகூடின.

இந்த முறையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பலகையில் நிறத்தைச் சில சொட்டு விடுவார்கள். அதன் பக்கத்திலேயே துளி அரிசிப்பசை, ஏறக்குறைய நம் வீட்டுக் கஞ்சிதான். இரண்டையும் பிரஷ்ஷால் பலகையிலேயே தேய்த்துக் கலப்பார்கள். ஈரப்படுத்திய காகிதத்தை, பலகையின் ஓரத்தில் வெட்டியிருக்கும் இரண்டு சிறிய அடையாளங்களில் பொருத்தி மெல்ல விடுவார்கள். அப்புறம் மூங்கில் நாரைச் சுருட்டி மூங்கில் மடலால் போர்த்திய பாரென் என்ற வட்டத் தட்டால் முதுகில் தேய்ப்பார்கள். நிறம் காகிதத்தின் மேலே படிந்து நிற்காது, நாருக்குள் இறங்கிவிடும். மை பூசும் முன் பலகையின் ஒரு பாதியை ஈரத்துணியால் துடைத்தால், கருநீலம் மெல்ல மெல்ல வெளிறி ஒன்றுமில்லாமல் போகும். இதற்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் பொகாஷி. ஏரியின் மேல் விடியும் வானத்துக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி எனக்குத் தெரியாது.

பிலிப்ஸின் ஏரிகளும் மலைகளும் குளிராகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். நிறத்துக்குள்ளிருந்து காகிதத்தின் வெளிச்சம் கசிகிறது. ‘வின்னிபெக் ஏரியில் யார்க் படகு’ என்ற 1930ஆம் ஆண்டு அச்சில் அலைகளைப் பாருங்கள். தண்ணீருக்கு எடை இருக்கிறது, ஆனால் எங்கும் கனம் இல்லை. பனியைக் காட்டும் இடங்களில் அவர் செய்தது இன்னும் குறைவு. நிழலுக்கு ஒரு நீலம், மற்றதெல்லாம் சும்மா விட்ட காகிதம்.

சரி, இதற்கு நேர் எதிரே நிற்பவர் நார்வேயின் நிகொலாய் ஆஸ்ட்ருப் (1880–1928). அவருடைய ஊர் யோல்ஸ்டர், ஏறத்தாழ 61 டிகிரி வடக்கில் இருக்கும் ஏரிக்கரை. கோடையில் அங்கே இரவு முழுதாக இருட்டாது. ஆஸ்ட்ருப்பும் ஜப்பானிய அச்சுகளின் ரசிகர்தான். ஆனால் ரசித்தது ஒன்று, கையில் எடுத்தது வேறு. அவர் எடுத்தது எண்ணெய் மை. எண்ணெய் மை காகிதத்துக்குள் ஓடாது, மேலே படலமாக உட்காரும். ஒன்று காய்ந்த பிறகு அதன்மேல் இன்னொன்று என்று ஏற்ற வேண்டும். அதனால் அவர் அச்சுகளில் பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை, அதற்கும் அடியில் ஒரு நீலம் என்று தடித்த ஈரம் தெரிகிறது. அச்சடித்த பிறகு தூரிகையாலும் தொட்டார். ஒரே பலகைகளை வைத்துக்கொண்டு நேரத்தையும் பருவத்தையும் மாற்றினார். அவருடைய ஒரு பிரதியும் இன்னொரு பிரதியும் இரட்டைப்பிள்ளைகள் இல்லை, உடன்பிறப்புகள் என்று சொல்லலாம்.

பிலிப்ஸ் ரசிகர்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள்: அச்சு என்றால் எல்லாப் பிரதியும் ஒன்றுபோல் வர வேண்டாமா என்று. நான் அதை ஏற்கவில்லை. மழைக்குப் பின் சதுப்பில் மஞ்சள் பூ பூத்துக் கிடக்கும் இரவு, அடுத்த இரவு அதே மாதிரியா இருக்கும்? ஆஸ்ட்ருப்புக்குத் தெரிந்த வடக்கு பனியின் வடக்கு மட்டும் இல்லை. ஈரமும் களையும் தவளைச்சத்தமும் நிறைந்த வடக்கு அது. அங்கே வெற்றுக் காகிதத்துக்கு இடம் குறைவு. அவருடைய அச்சுகளில் வெள்ளை பெரும்பாலும் மலையுச்சியில் கொஞ்சம் மிஞ்சும், இல்லையென்றால் ஏரியில் ஒரு கீற்றாக. மற்ற இடமெல்லாம் வளர்ந்து நிற்கிறது. கம்பங்களில் காயப்போட்ட கதிர்க்கட்டுகள்கூட அவர் கையில் பூதங்கள்போல் வரிசைகட்டி நிற்கின்றன.

பனிக்கும் வானத்துக்கும் பிலிப்ஸ், கோடை இரவுக்கு ஆஸ்ட்ருப் என்று இவ்வளவில் முடித்துவிடலாம். ஆனால் விலங்கும் பறவையும் வந்தால் இந்த இரண்டு முறையுமே திணறுகின்றன. நீர்வண்ணம் இறகின் கூர்மையைக் கரைத்துவிடுகிறது. எண்ணெய்ப் படலம் அதை மூடிவிடுகிறது.

அந்த இடத்தில் தாமஸ் பியூவிக்கிடம்தான் போக வேண்டும். வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துக்காரர், 1753இல் பிறந்தவர். பிரிட்டன் பறவைகளைப் பற்றிய அவருடைய இரண்டு தொகுதிகள் 1797இலும் 1804இலும் வெளிவந்தன. அவர் நெடுக்கில் அறுத்த பலகையைத் தொடவில்லை. பாக்ஸ்வுட் என்னும் இறுகிய மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த முகத்தில் செதுக்கினார். குறுக்கு முகத்தில் ரேகையின் இழுப்பு இல்லை, எந்தத் திசையிலும் உளி ஓடும். கறுப்புக்குள் வெள்ளைக் கோடுகளாகவே அவர் இறகை யோசித்தார். இன்னொன்றும் செய்தார்: தூரத்து மரங்கள் வர வேண்டிய இடத்தில் கட்டையின் மேற்பரப்பையே மயிரிழை அளவு சுரண்டித் தாழ்த்தினார். அங்கே அழுத்தம் குறைந்து மை மங்கலாகப் படியும். ஒரே கறுப்பு மையில் மூடுபனி! பாக்ஸ்வுட் மெதுவாக வளரும், அடிமரம் பருக்காது. அதனால் படங்கள் உள்ளங்கைக்குள் அடங்கும். அகன்ற பனிவெளியை அவரிடம் தேடக் கூடாது. குருவியின் தோளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த இறகுகளைத் தேடினால் அவரை மிஞ்ச ஆளில்லை.

நான்காவது வழியில் மரமே இல்லை. கனடாவின் பாஃபின் தீவை ஒட்டியுள்ள கின்ங்காய்ட், முன்பு கேப் டார்செட், மரம் வளராத வடக்கு. அங்கே 1950களின் கடைசியில் அந்த வடக்கின் பழங்குடிகளான இனுயிட் கலைஞர்களோடு அச்சுப் பட்டறை தொடங்க உதவிய ஜேம்ஸ் ஹூஸ்டன், ஜப்பானுக்குப் போய் உனிச்சி ஹிராட்சுகாவிடம் மரச்செதுக்கு கற்று வந்தார். திரும்பி வந்தபின் அந்த அறிவு பட்டறையில் மரத்தில் இறங்கவில்லை, உள்ளூர்க் கல்லில் இறங்கியது. கல்லைத் தட்டையாக்கி, செதுக்கி, மை பூசி, மெல்லிய ஜப்பானியக் காகிதத்தை விரித்து முதுகில் தேய்த்து எடுத்தார்கள்.

எனக்கு வியப்பு தருவது வேறொன்று. பிலிப்ஸ் ஜப்பானிய முறையை எடுத்தாலும் வரைவது, வெட்டுவது, அச்சடிப்பது எல்லாம் தானே என்று இருந்தவர். பழைய ஜப்பானியப் பட்டறையில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சடிப்பவர் ஒருவர். கின்ங்காய்ட்டிலும் அப்படித்தான் வேலை பிரிந்தது. மரமே இல்லாத ஊர்தான் அந்தப் பட்டறை வழக்கத்துக்கு அதிகம் நெருங்கி நின்றது.

அங்கிருந்து வந்த கெனோஜுவாக் அஷேவாக்கின் ‘மயக்கும் ஆந்தை’ 1960இல் 50 பிரதிகளாக வெளியானது. பாதிக்குச் சிவப்பு வால், பாதிக்குப் பச்சை. 1970இல் கனடா அதைத் தபால் தலையாகவும் வெளியிட்டது. பியூவிக்கின் ஆந்தையில் இறகை எண்ணலாம். கெனோஜுவாக்கின் ஆந்தையில் எண்ண ஒன்றுமில்லை. தட்டையான நிறம், கதிர்போல் நாலாபக்கமும் விரியும் இறகு, நம்மையே பார்க்கும் கண். பின்னால் மரமில்லை, மலையில்லை, தரைகூட இல்லை. சுற்றிலும் வெறும் காகிதம்.

நான்கில் ஒன்றைத்தான் சுவரில் மாட்டலாம் என்றால் எனக்கு இந்த ஆந்தைதான், சிவப்பு வால் உள்ளது. பிலிப்ஸ் காகிதத்தைப் பனியாக்கினார். கெனோஜுவாக்கின் காகிதம் பனியா வானமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் நீங்களே உளியைப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் பிலிப்ஸின் வழியில் தொடங்குங்கள். பிரெஸ் வேண்டாம், தின்னர் நாற்றம் இல்லை, கை கழுவத் தண்ணீர் போதும். முதல் பலகையில் பனியையே வரையுங்கள். எதைத் தோண்டக் கூடாது என்று அந்த ஒரு பலகையிலேயே கைக்குப் பிடிபட்டுவிடும்.