கண் தானம், உறுப்பு தானம்: குடும்பத்தின் பக்கமிருந்து

இறந்தவரின் வீட்டாருக்கு இவை இரண்டும் வேறு வேறு அனுபவம்.

உறுப்பு தானம் பெரும்பாலும் மூளைச்சாவில்தான் (மூளை மீளமுடியாமல் முழுதும் செயலிழந்த நிலை) நடக்கும், அதுவும் தீவிர சிகிச்சைப் பிரிவில். செயற்கை சுவாசக் கருவியால் நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும். ஆள் போய்விட்டார் என்று நம்பவே மனம் வராது. மருத்துவர் குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்யும். விபத்து என்றால் போலீஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் சேர்ந்து உடல் கைக்கு வர நேரமாகும். அந்தக் காத்திருப்பு கொடுமையானது. ஆனால் பேசவும் விளக்கவும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் கூட இருப்பார். தமிழ்நாட்டில் 2023 முதல் இறுதிச் சடங்கில் அரசு மரியாதையும் உண்டு.

கண் தானம் வீட்டிலேயே முடிந்துவிடும். உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், கண் வங்கிக்கு உடனே போன் செய்வது நல்லது. அவர்கள் வரும்வரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். எடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது, முகமும் விகாரமாகாது. கண்புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை நோய் உள்ளவர், வயதானவர் எல்லாரும் தரலாம்.

நடைமுறையில் இதுதான் எளிது, நம்மில் பெரும்பாலோருக்குச் சாத்தியமானதும் இதுதான். ஆனால் குழு கிளம்பியதும் அந்த வீட்டார் தங்கள் துக்கத்தோடு தனியாக நின்றுவிடுகிறார்கள். சில வாரம் கழித்து ஒரு போன் வந்தால்கூடப் பெரிய ஆறுதலாக இருக்கும். கண் வங்கிகள் இதை வழக்கமாக்க வேண்டும்.