புலிக் குரல் கேட்கும் செயலி: ஒரு மதிப்பீடு

காட்டு விலங்குகளின் குரல்களைத் தொகுத்துத் தரும் கைப்பேசிச் செயலி ஒன்றை ஒரு மாதமாகப் பயன்படுத்தியதில், புலிப் பகுதிக்காக மட்டுமே கொடுத்த பணம் வீண்போகவில்லை என்பேன். காட்டில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வரை கேட்கக்கூடிய முழக்கத்தைவிட என்னைக் கவர்ந்தது, தாயும் குட்டியும் சந்திக்கும்போது வாயை மூடியபடி மூக்கின் வழியே காற்றை விட்டுவிட்டுத் தள்ளி எழுப்பும் ‘ப்புர்ர்’ என்னும் மெல்லிய செருமல்தான். நட்பைக் காட்டும் அந்த ஒலியைச் செயலி ‘சினம்’ என்ற தலைப்பில் வைத்திருப்பது பெரும் பிழை. முழக்கத்தில் 20 ஹெர்ட்சுக்குக் கீழான, மனிதச் செவிக்கு எட்டாத அதிர்வும் உண்டு. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியோ கேட்கக்கூடிய அடிக்குரலையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது. கூடத்திலுள்ள பெரிய ஸ்பீக்கரில் இணைத்த பிறகுதான் எங்கள் வீட்டுப் பூனை கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது.