கச்சா எண்ணெயில் தண்ணீர் பிரிய: ரெசினா, பாலியோலா?

கோலாலம்பூரில் எண்ணெய்க் கிணறு இல்லை. அதெல்லாம் திரெங்கானு, சபா, சரவாக் கடலில்தான். ஆனால் எந்த டீமல்சிஃபையர், அதாவது எண்ணெயில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் கெமிக்கல், வாங்குவது என்ற பேச்சு நடப்பது கேஎல்சிசி பக்கத்து மீட்டிங் அறைகளில். திரையில் வெவ்வேறு கெமிக்கல் கலந்த கச்சா எண்ணெய் பாட்டில்கள் இரண்டின் படம் காட்டுவார்கள். ஒன்றில் பத்தே நிமிடத்தில் தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும். மற்றது இன்னும் பழுப்பாகவே நிற்கும். முதல் பாட்டிலுக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் அவசரப்பட மாட்டேன்.

கச்சா எண்ணெயில் தண்ணீர் நுண்துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது; இந்தக் கலவைதான் எமல்ஷன். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் அஸ்பால்டீன் (எண்ணெயின் தார் போன்ற கனத்த பகுதி), மெழுகு, பொடிமணல் எல்லாம் சேர்ந்து, காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி ஒரு படலம் கட்டிவிடும். டீமல்சிஃபையர் அந்தப் படலத்தில் புகுந்து, அஸ்பால்டீனைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறது. படலம் தளர்ந்ததும் துளிகள் ஒன்று சேரும். துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் இறங்கும் வேகம் நான்கு மடங்கு. 1914-இல் அமெரிக்காவின் பார்னிக்கல் பெரஸ் சல்ஃபேட்டை வைத்து இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று போட்டி ரெசின், பாலியோல் என்ற இரண்டு வகைகளுக்குள்.

ரெசின் வகை என்பது அல்கைல்ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் இணைத்து, அதன்மேல் எத்திலீன் ஆக்சைடு, புரொப்பிலீன் ஆக்சைடு ஏற்றியது. பொதுவாகத் தண்ணீரைச் சட்டென்று இறக்கும். கடல் மேடையில் எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் கலனான செபரேட்டருக்குள் எண்ணெய் தங்குவது சில நிமிடங்களே என்பதால், இந்த வேகத்துக்கு அங்கே நல்ல மதிப்பு. ஆனால் மிக நுண்ணிய துளிகளை எண்ணெயிலேயே விட்டுவிடும் பழக்கம் உண்டு. நோனைல்ஃபீனால் அடிப்படை என்றால் இன்னொரு தலைவலி: மீன்களின் ஹார்மோனைக் குழப்பும் என்பதால் ஐரோப்பாவில் கட்டுப்பாடு.

பாலியோல் வகை நிதானம். அதே இரண்டு ஆக்சைடுகளைத் தொகுதி தொகுதியாகக் கோத்த பாலிமர். டைஎபாக்சைடு என்ற இணைப்புப் பொருளை வைத்துக் குறுக்கே பிணைத்துப் பெரிய மூலக்கூறாக்கினால், மிச்சம் மீதித் துளிகளையும் கூட்டிச் சேர்த்து எண்ணெயை நன்றாக உலர்த்தும். விற்பனைக்குப் போகும் எண்ணெயில் தண்ணீரும் வண்டலும் வழக்கமாக 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்தக் கடைசி ஒரு சதவீதத்தில்தான் பாலியோல் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. சல்ஃபோனேட் என்று இன்னொரு வகையும் உண்டு; பொடிமணலை நனைக்க உதவும். தனியாக வாங்க மாட்டேன்.

இந்த வித்தியாசம் பாட்டிலின் அடியில் தெரியாது. தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே சிரிஞ்சால் எண்ணெய் எடுத்து, சால்வென்ட் கலந்து சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும். அளவைக் குறித்துவிட்டு, வீரியமான டீமல்சிஃபையர் சில சொட்டு விட்டு மறுபடி சுற்றுங்கள். இரண்டாவது முறை தண்ணீர் கூடினால், அவ்வளவும் உடையாமல் ஒளிந்திருந்த எமல்ஷன். பத்து நிமிட வெற்றியாளர் பலமுறை இங்கேதான் மாட்டுவார். கோட்டில் பஞ்சு மாதிரி ஓர் அடுக்கு நிற்கிறதா என்றும் பாருங்கள். அது வளர்ந்தால் செபரேட்டரில் மட்டக் கட்டுப்பாடே குழம்பிவிடும்.

இன்னொன்று, சாம்பிளின் வயது. டிரம்மில் அடைத்து கிழக்குக் கரையிலிருந்து இங்கே வருவதற்குள் லேசான வாயுக்கள் பறந்து, படலம் இறுகிவிடும். அந்த எண்ணெயில் கிடைத்த தரவரிசையை மேடையில் மறுபடி சோதிக்காமல் ஆர்டர் போடுவது சூதாட்டம்தான். மலேசியாவின் டாப்பிஸ் போன்ற மெழுகு மிகுந்த கச்சா எண்ணெயில் வெப்பம் குறைந்தால் மெழுகுப் படிகங்கள் படலத்தை இன்னும் கெட்டியாக்கும். இரண்டு வகையும் திணறும். அப்போது டோஸைக் கூட்டாமல் சூட்டைக் கூட்டுங்கள். டோஸ் அளவு மீறினால் கெமிக்கலே புது எமல்ஷனை உண்டாக்கும்.

என்னைக் கேட்டால், ரெசினை அடிப்படையாக வைத்து, உலர்த்தப் பாலியோல் சேர்த்த கலவைதான். செபரேட்டருக்குப் பிறகு பெரிய தொட்டி இருந்து, எண்ணெய் மணிக்கணக்கில் நிற்க முடியும் என்றால் மட்டும் பாலியோல் பக்கம் சாய்வேன். அப்புறம் விலை. லிட்டருக்கு எத்தனை ரிங்கிட் என்று மட்டும் பார்க்காதீர்கள். நாளுக்கு 50,000 பேரல் ஓடும் இடத்தில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) என்றால் ஒரு பேரல், அதாவது சுமார் 159 லிட்டர் கெமிக்கல். 40 பிபிஎம் கேட்கும் சரக்கு பாதி விலைக்குக் கிடைத்தால்தான் கணக்கு சமம்.